அப்பம் எடுக்காத மாதங்கள்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு நான் தமிழில் எழுதியது மளிகைச் சாமான்களின் பெயர்களும், அம்மா உயிரோடு இருந்தவரை ஊருக்குப் போட்ட கடிதங்களும்தான். சபையில் பெண்கள் கூடுகையில் ஆளுக்கொரு சாட்சி சொல்ல வேண்டும் என்று வரிசை வந்தால், என் முறைக்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து டீ போடப் போய்விடுவேன். வாயால் சொல்ல முடியாததால்தான் இப்போது எழுதுகிறேன். என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எங்கள் சபையிலேயே இருக்கிறார்கள். ஆனால் இது அவர்கள் வீட்டில் நடக்கவில்லை, எங்கள் வீட்டில் நடந்தது.

என் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டேன். "எழுதுட்டி. பேரு மட்டும் போடாத. என் பேரு, உன் பேரு, ஒருத்தர் பேரும் வேண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "எழுதிட்டு எனக்குப் படிச்சுக் காட்டு" என்றார். காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கல்யாணமாகிப் புனே வந்த நாளிலிருந்து போபோடியில் ஒரே சந்தில் இருக்கிறோம். அவருக்குப் பக்கத்திலேயே தொழிற்சாலை வேலை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தமிழ்ச் சபை மராத்திக் கிறிஸ்தவர்களின் கோயிலில் கூடும். அவர்கள் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே எங்கள் ஆட்கள் தபேலாவையும் பாட்டுப் புத்தகப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள்.

சபையில் பாட்டு எடுத்துக் கொடுப்பவர் என் வீட்டுக்காரர்தான். நல்ல கனமான குரல். குடிக்கமாட்டார். தொழிற்சாலையில் கூட இருந்தவர்கள் உள்ளங்கையில் தம்பாக்குப் புகையிலை தேய்க்கும்போது இவர் வேர்க்கடலை தின்றுகொண்டிருப்பாராம். இளம் பெண்கள் சிலர் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, நீங்க கொடுத்துவச்சவங்க" என்பார்கள். நான் சிரித்துவைப்பேன்.

அதே குரல்தான் வீட்டிலும். அவர் என்னை அடித்ததில்லை. கையில் இருப்பதை எறிவார். டம்ளர், சீப்பு, ஒருமுறை இட்லித் தட்டு. எறிகிற பொருள் சுவரில் பட்டு விழுந்துவிடும். குரல் அப்படி விழாது, வீட்டுக்குள்ளேயே நிற்கும். பக்கத்து வீட்டு மராத்திக்கார அம்மா அந்த நேரம் பார்த்துத் தன் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். எங்களுக்காக அவர் செய்த மரியாதை அது. மறுநாள் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் என்னைப் பார்த்தால் சமையலைப் பற்றி மட்டும் பேசுவார்.

கோபம் இறங்கியபின் என் வீட்டுக்காரர் படும் பாட்டையும் சொல்ல வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் முழங்கால் போட்டு, தலையைப் படுக்கையில் புதைத்துக்கொண்டு கிடப்பார். இனி இல்லை ஆண்டவரே, இனி இல்லை என்று சொல்வது எனக்குக் கேட்கும். வருடப் பிறப்புக்கெல்லாம் கோபப்பட மாட்டேன் என்று ஒரு பொருத்தனை. ஒரு வருடம் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தார். பசியில் கோபம் இன்னும் அதிகமானது. வெள்ளிக்கிழமை என்றாலே நானும் மகளும் பூனைபோல நடப்போம். எங்கள் சபையில் பாவம் என்று பேசும்போது குடியைச் சொல்வார்கள், சினிமாவைச் சொல்வார்கள், சீட்டாட்டத்தைச் சொல்வார்கள். கோபத்தை யாரும் அந்தப் பட்டியலில் சேர்த்து நான் கேட்டதில்லை. ஆம்பிளை என்றால் கொஞ்சம் முன்கோபம் இருக்கும் என்று விட்டுவிடுவார்கள். நானும் விட்டுவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள். கட்டிக்கொடுத்துவிட்டோம். மாப்பிள்ளைக்கு விமானப் படையில் வேலை என்பதால் புனேயிலேயே லோஹேகாவில் குவார்ட்டர்ஸில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, நாலு வயது. குழந்தைக்குத் தமிழ் சரியாக வராது. பால் வேண்டும் என்றால் இந்தி, தூக்கம் வந்தால் இந்தி, அடுத்த வீட்டுப் பிள்ளைகளோடு மராத்தி. தாத்தா, ஆச்சி என்ற இரண்டு வார்த்தைகள்தான் சுத்தமாகச் சொல்லுவாள்.

போன கோடையில் மகளும் குழந்தையும் எங்களோடு ஒரு வாரம் தங்கினார்கள். அப்போது ஒரு நாள் குழந்தை ஓடிவந்து அவர் காலடியில் இருந்த காபியைத் தட்டிவிட்டாள். அவர் கத்தினார். டம்ளர் சுவருக்குப் போனது. குழந்தை நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விட்டாள். மகள் குழந்தையைக் கழுவி, உடை மாற்றி, பையைக் கட்டி, ரிக்ஷா பிடித்துப் போய்விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து போனில் என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். குழந்தை பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து விளையாடிக்கொண்டிருந்தாளாம். ஒரு பொம்மை சாய்ந்து விழுந்ததும், கையில் இருந்த கிண்ணத்தைச் சுவரில் வீசி, "அறிவு கெட்ட மூதி, கண்ணு தெரியலையா" என்றாளாம்.

"முழுசா தமிழ்ல சொன்னாம்மா. அவ பேசின முதல் முழுத் தமிழ் அதான். அப்பாவோட அதே இழுப்பு. எனக்கு விடு, ஆதத் ஆயிப்போச்சு, பழகிட்டேன். இவளுக்கு வேணாம். நான் இனி அங்க வர்ல."

நான் போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்றேன். அவரிடம் சொல்லலாமா என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன். பயம்தான். கடைசியில் அவர் சாப்பிட்டு முடித்து நல்ல மனநிலையில் இருந்த நேரம் பார்த்துச் சொன்னேன். குழந்தை சொன்னதை அப்படியே சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். அவர் கத்தவில்லை. எழுந்து கை கழுவினார். கழுவிய கையையே திரும்பக் கழுவினார்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் மரணத்தை நினைத்து எல்லாரும் அப்பம் எடுப்போம். அப்பத் தட்டு பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி வரும். ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டு பக்கத்தில் கொடுக்க வேண்டும். மனதில் குற்றம் உள்ளவர்கள் எடுக்காமல் தட்டைக் கைமாற்றிவிடலாம். அதற்குத் தடை இல்லை. ஆனால் சிறிய சபை. யார் எடுத்தார், யார் எடுக்கவில்லை என்பது கண்ணை மூடிக்கொண்டிருப்பவர்களுக்கும் எப்படியோ தெரிந்துவிடும்.

அந்த மாதம் தட்டு வந்தபோது அவர் எடுக்கவில்லை. பாட்டு எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், தட்டை வாங்கி அப்படியே என் மடிப்பக்கம் நீட்டினார். அடுத்த மாதமும் எடுக்கவில்லை. அதற்கடுத்த மாதம் பாட்டு எடுத்துக் கொடுக்கவும் போகவில்லை.

பெண்கள் என்னிடம் அன்பாக விசாரிக்க ஆரம்பித்தார்கள். உங்க குடும்பத்துக்காக விசேஷமாக ஜெபிக்கிறோம் என்றார்கள். எதற்காக என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகுதான் ஒருத்தி மூலம் தெரிந்தது: அவர் குடிக்கத் தொடங்கிவிட்டாராம், ஓய்வு பெற்ற ஆண்கள் பலருக்கு வருவதுதானாம், பாலத்துப் பக்கத்து மதுக்கடைக்கு முன்னால் அவரைப் பார்த்தவர்கள் இருக்கிறார்களாம்.

ஒரு சாயங்காலம் போதகரும் சபை மூப்பரும் வீட்டுக்கு வந்தார்கள். போதகர் வயதில் சின்னவர், அமைதியானவர். மூப்பர் என் வீட்டுக்காரரோடு அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து, அதே வருடம் ஓய்வு பெற்றவர். நான் டீ கொடுத்துவிட்டு அடுப்படி வாசலில் நின்றுகொண்டேன். வந்ததும் ஜெபம். குடியின் கட்டுகளிலிருந்து இந்த வீட்டை விடுதலையாக்கும் ஆண்டவரே என்று மூப்பர் ஜெபித்தார். என் வீட்டுக்காரர் பாதி ஜெபத்தில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆமென் சொன்னதும் கேட்டார். "என்ன குடி?"

"அண்ணாச்சி, நாங்க குத்தம் சொல்ல வரல" என்றார் மூப்பர். "பாலத்துப் பக்கம் அந்தக் கடைகிட்ட உங்களப் பாத்ததாச் சொன்னாவ."

"எந்தக் கடை? பேக்கரியா?"

"பேக்கரிக்கு அடுத்த கடை."

"அடுத்த கடைக்கு எனக்கு என்ன சோலி? இவளுக்குப் பாவ் ரொட்டி வாங்கப் போனேன் ஓய்."

மூப்பர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; டீத் தட்டை எடுக்கிற சாக்கில் உள்ளே போனேன்.

"பின்ன ஏன் அப்பம் எடுக்க மாட்டேங்கிய?" என்றார் மூப்பர்.

அவர் "கோபம்" என்றார்.

மூப்பர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "கோபமா? அட அண்ணாச்சி, நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். கோபம் யாருக்கு இல்ல? எங்க வீட்டுல வந்து கேட்டுப் பாருங்க, சொல்லுவா."

"என் பேத்தி என்ன மாதிரி ஏசுதா ஓய்" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்தக் கோடையில் நடந்ததை அவரே எல்லாம் சொன்னார். டம்ளரை, குழந்தை நின்ற இடத்தை, பொம்மைகளை. அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, இந்த வீட்டில் நடப்பதை இந்த வீட்டு ஆள் வெளியாருக்குச் சொல்வதே புதிதாக இருந்தது. இத்தனை வருஷம் முழங்காலில் நின்றும் கோபம் போகவில்லை, ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் போல என்றார்.

அந்த நேரத்தில் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. இந்தப் பக்கத்து மராத்திக்காரர்கள் போங்கா என்பார்கள். சாயங்கால ஷிப்ட் விடுகிற சங்கு. ஊதியதும் என் வீட்டுக்காரர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். எழுந்த பிறகுதான் எழுந்தது அவருக்கே தெரிந்தது. தினமும் நடப்பதுதான். காலைச் சங்குக்குப் படுக்கையில் இருந்து எழுவார், சாயங்காலச் சங்குக்கு உட்கார்ந்த இடத்தில் இருந்து எழுவார். போதகர் தங்களை வழியனுப்புவதாக நினைத்துக்கொண்டு தானும் எழுந்தார்.

மூப்பர் மட்டும் உட்கார்ந்தபடி சிரித்தார். "இன்னுமா அண்ணாச்சி கால் போவுது? ரிட்டயர் ஆகி வந்தாச்சு. அந்தப் போங்காவுக்கு உம்மமேல என்ன அதிகாரம்? அது ஊதும், ஊதிட்டுப் போவட்டும். நீரு இருந்து டீயக் குடியும்."

எல்லாரும் சிரித்தோம். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. மெதுவாக உட்கார்ந்தார். சங்கு முழுதும் ஊதி அடங்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

புறப்படும்போது போதகர், மகளிடம் பேசினீர்களா என்று கேட்டார். போன் போட்டேன், எடுக்கவில்லை என்றார் இவர். "அப்ப ஞாயித்துக்கிழமைத் தட்டைப் பத்தி இப்ப யோசிக்காதீங்கண்ணே. அது குறையே இல்லாதவங்களுக்கு வச்ச பந்தி இல்ல. முதல்ல லோஹேகாவ் போயிட்டு வாங்க" என்றார் போதகர்.

மறுநாள் காலைச் சங்குக்கு அவர் எழுந்து உட்கார்ந்தார். நான் காபி கலந்துகொண்டிருந்தேன். கட்டிலில் இருந்தபடியே பேச ஆரம்பித்தார். அதற்குமுன் அவர் அவ்வளவு நீளமாக என்னிடம் பேசியதாக எனக்கு நினைவில்லை.

"ஏட்டி, மூப்பர் நேத்து விளையாட்டாச் சொன்னாரு. ஆனா அதான் சரி. என் கோபமும் அந்தச் சங்கு மாதிரிதான். சங்கே ஊதக்கூடாது, ஊதக்கூடாதுன்னுதான இத்தன வருசம் ஜெபம் பண்ணேன். ஊதட்டும். நான் அங்க வேலையில இல்ல. இயேசு எப்பமோ என்ன வெளிய எடுத்துட்டாரு. நான்தான் அது ஊதுன உடனே டிபன் டப்பாவத் தூக்கிக்கிட்டுத் திரும்பத் திரும்ப கம்பெனி கேட்டுல போய் நிக்கேன்."

நான் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். பாவத்துக்கு நாம் மரித்தோம் என்பதை விளக்கும்போதெல்லாம் எனக்குப் புரிந்ததுபோல இருக்கும், வீட்டுக்கு வருவதற்குள் நழுவிவிடும். டிபன் டப்பாவைச் சொன்னதும் நன்றாகப் புரிந்தது. அவருக்கு நான் தினமும் கட்டிக் கொடுத்த டப்பா அல்லவா.

புரிந்ததும் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். கண்ணாடியைக் காணவில்லை என்று ஒரு நாள் ஆரம்பித்தார். குரல் ஏறியது, சீப்பை ஓங்கிவிட்டார். ஓங்கிய கை அப்படியே நின்றது. "சங்கு" என்றார் தனக்குத்தானே. சீப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். இன்னொரு நாள் சீப்பு பறந்தது. பறந்த பிறகு அவரே போய்க் குனிந்து எடுத்து வந்து, என் முன்னால் நின்று, "தப்புட்டி" என்றார். முன்பெல்லாம் எறிந்ததை நான்தான் எடுப்பேன். அவர் எடுத்து நான் பார்த்தது அன்றுதான்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வாசல் இரும்புக் கதவின் கொண்டி சத்தம் கேட்டால், மிக்ஸியை நிறுத்திவிடுவேன், ரேடியோவை அணைத்துவிடுவேன், முகத்தைத் துடைத்துக்கொள்வேன். அவர் எந்த மனநிலையில் வருகிறார் என்று செருப்புச் சத்தத்தில் கண்டுபிடிக்கப் பார்ப்பேன். அவர் மாறத் தொடங்கிய பிறகும் என் கை மிக்ஸிக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு சங்கு இருந்திருக்கிறது. அவருக்காக ஜெபித்ததைப்போல எனக்காகவும் ஜெபிக்க வேண்டியிருந்தது. ஒரு நாள் கொண்டி சத்தம் கேட்டும் தேங்காய்ச் சட்னியை முழுதும் அரைத்து முடித்தேன். பெரிய காரியம் செய்துவிட்டதுபோல இருந்தது.

அவர் லோஹேகாவுக்குத் தனியாகப் போய்விட்டு வந்தார். வந்ததும், பார்த்தேன், பேசினேன் என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. பிறகு மகள்தான் போனில் சொன்னாள். வீட்டுக்குள் வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாராம். உன் சின்ன வயதிலிருந்து உன்னைப் பயமுறுத்தியே வளர்த்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு, நீ வந்தாலும் வராவிட்டாலும் இதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தேன் என்றாராம். குழந்தை பள்ளிக்கூடம் போயிருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டார். "நான் ஒண்ணும் சொல்லல அம்மா. பாக்கலாம்னு மட்டும் சொன்னேன்" என்றாள் மகள்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு சனிக்கிழமை, காலையில் போன் செய்து மத்தியானம் வருவதாகச் சொன்னாள். சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுவேன் என்பதையும் சொன்னாள். நான் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவர் வீட்டில் இருந்த டம்ளர்களையெல்லாம் எடுத்து மேல் பலகையில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்தார்.

வந்தார்கள். குழந்தை மகளின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அவர் கூப்பிடவில்லை. தூரத்தில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டார். தரையில் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். மீன் நன்றாக இருக்கிறது என்று மகள் சொன்னாள். எந்தக் கடையில் வாங்கியது என்று நான் சொன்னேன்.

அவருக்கு ரசம் ஊற்றிக் கொடுத்தேன். வாங்கும்போது டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி, ரசம் பாயெல்லாம் ஓடி, குழந்தையின் தட்டுவரை போய்விட்டது.

குழந்தை எழுந்து நின்றாள். அவரைப் பார்த்து, இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு, "அறிவு கெட்ட மூதி, கண்ணு தெரியலையா" என்றாள். அவள் கையில் அவளுடைய காலி டம்ளர் இருந்தது.

அவள் சொன்னதை நான் போனில் கேள்விப்பட்டதோடு சரி. அவரும் என் வாயால் கேட்டதோடு சரி. நேரில் கேட்பது வேறாக இருந்தது. அந்த இழுப்பு, 'மூதி'யில் விழுகிற அந்த அழுத்தம், எல்லாம் அவருடையது. பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கூடியது. மகள் குழந்தையைத் தூக்கக் கையை நீட்டிவிட்டாள். அவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு எழுந்தது. எனக்குத் தெரிந்த முகம் அது. அவர் எழுந்தும்விட்டார்.

எழுந்தவர் நின்றார். நின்றபடியே மூச்சை விட்டார். பிறகு அடுப்படிக்குள் போய்த் தரை துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு வந்தார். குழந்தைக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

"தெரியாமக் கொட்டிட்டு தாயி. தாத்தாவ மன்னிச்சிரு" என்றார்.

அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அவர் பாயைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு டம்ளர் பறக்க வேண்டும் என்றுதான் அவள் கற்றிருந்தாள். கையில் இருந்த டம்ளரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு அதை அவரிடம் நீட்டி, இந்தியில் "லோ தாத்தா" என்றாள். அவர் வாங்கிக்கொண்டார். என்னிடம் திரும்பி, "இதுல கொஞ்சம் ரசம் ஊத்துட்டி" என்றார்.

மகள் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். பக்கத்து வீட்டு டிவி கொஞ்ச நேரம் சத்தமாக ஓடிவிட்டு, பிறகு தானாகக் குறைந்தது.

சாப்பிட்டதும் கிளம்புகிறேன் என்று வந்தவள் கிளம்பவில்லை. சாயங்காலச் சங்கு ஊதியபோது குழந்தை அவர் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் கால் லேசாக அசைந்தது. எழவில்லை.

மறுநாள் மாதத்தின் முதல் ஞாயிறு. மகள் குழந்தையோடு வீட்டில் இருந்தாள். நாங்கள் இருவரும் ஆராதனைக்குப் போனோம். தட்டு வந்தது. அவர் ஒரு துண்டு எடுத்துக்கொண்டு தட்டை எனக்குக் கொடுத்தார். திரும்பும்போது தூறல் இருந்ததால் பஸ்ஸில் வந்தோம்.